நான் பட்டாளம் இல்லை

அவருக்கு இந்தி சுமாராகத்தான் வரும். கடையில் விலை கேட்பார், கேட்டை மறித்து நிற்கும் லாரிக்காரனைத் திட்டுவார், அதற்கு மேல் போனால் கையும் தலையும்தான் பேசும். ஆனால் ஒரு பேச்சு மட்டும் தடங்கலே இல்லாமல் வரும். "ஹம் ஃபௌஜி நஹி ஹை. வாட்ச்மேன் ஹை. தவாய் கம்பெனி." நான் பட்டாளம் இல்லை, வாட்ச்மேன், மருந்துக் கம்பெனி. பஸ்ஸில் அவர் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ரேஷன் கடையில் கேட்டிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு எங்களோடு வந்தபோது சர்ச் வாசலில்கூடக் கேட்டிருக்கிறேன். யாரும் கேட்காமலே சொல்வார். அதுதான் தொந்தரவு.

அறுபதுகளில் நானும் அவரும் செம்பூரில் ஒரே மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தோம். அவர் கேட்டில், நான் பேக்கிங் செக்ஷனில். இரண்டு பேருக்கும் வீடு தாராவியில், ஒரே வரிசையில், நடுவில் ஒரு தகரச் சுவர். அப்பாவின் தோல் ஷாப் சம்பளம் போதவில்லை என்றுதான் நான் வேலைக்குப் போனேன். வயசுப் பெண்ணைக் கம்பெனிக்கு அனுப்புவதா என்று இழுத்துக்கொண்டிருந்த அம்மா, "அண்ணாச்சி கூடப் போயி அண்ணாச்சி கூட வந்துரணும்" என்ற கண்டிப்பில்தான் சம்மதித்தாள். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். எங்களுக்கு நாசரேத் பக்கம், அவருக்குத் திருச்செந்தூர் பக்கம். எங்கள் வீட்டில் ஜெபம், அவர் வீட்டில் முருகன் படம். தாராவியில் அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. ஒரே பேச்சு பேசுகிறவர்கள் என்றால் போதும்.

முதலில் கம்பெனி வாட்ச்மேன்களுக்கு உடுப்பு என்று எதுவும் கிடையாது. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டி, மேலே ஒரு காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு, கம்போடு நிற்பார். பிறகு பட்டாளத்தில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மேனேஜராக வந்தார். வந்ததும் அவர் கண்ணில் முதலில் பட்டது கேட்தான். கனமான காக்கித் துணியில் முழுக்கால் சட்டை, பித்தளைப் பொத்தான் வைத்த மேல்சட்டை, அகலமான பெல்ட், தோளில் சிவப்புக் கயிறு, முன்னால் கறுப்பு மடிப்பு வைத்த தொப்பி, பூட்ஸ், விசில். மூன்று வாட்ச்மேன்களுக்கும் ஒரே அளவில் தைத்து வந்தது. ஒருவருக்குத் தொப்பி கண்ணை மறைத்தது. இன்னொருவருக்கு வயிற்றில் பொத்தான் விழவில்லை. அண்ணாச்சிக்கு மட்டும் அவரை நிற்க வைத்து அளவெடுத்ததுபோல் இருந்தது. நல்ல உயரம், விரிந்த மார்பு, முறுக்கின மீசை. கேட்டிலிருந்த சின்ன வாட்ச்மேன் அறையில் மாற்றிக்கொள்ள வசதியில்லை என்பதால் வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வர வேண்டும் என்பது உத்தரவு. முதல் நாள் அவர் உடுப்போடு வரிசையை விட்டு வெளியே வந்தபோது, குழாயடியில் நின்ற பெண்கள் தலையில் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார்கள். தினமும் அவர்களோடு தண்ணீருக்குச் சண்டை போடுகிற மனுஷன் அவர்.

நிஜமாகவே பட்டாளத்தில் சேர ஒரு தடவை போயிருக்கிறார். வாலிப வயதில், பாளையங்கோட்டையில் ஆளெடுத்தபோது. பாதம் தட்டை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதையும் அவர் மறைத்ததில்லை. கேட்கிற ஆள் தமிழன் என்றால், "கால் தட்டையாம், சேத்துக்கிடலை" என்று சேர்த்துச் சொல்வார்.

உடுப்பு வந்தது, சீனாக்காரனோடு சண்டை வந்த வருஷம். காக்கி போட்ட யாரைப் பார்த்தாலும் ஜனங்களுக்கு ஒரு உருக்கம். தபால்காரருக்குக்கூட மரியாதை கூடியிருந்தது. ஒரு நாள் சயானில் நாங்கள் பஸ் ஏறினோம். கறுப்புத் தொப்பி வைத்த ஒரு குஜராத்திப் பெரியவர் அண்ணாச்சியைப் பார்த்ததும் எழுந்து, கையைக் காட்டி, "பைட்டியே, சாப்" என்று உட்காரச் சொன்னார். அண்ணாச்சி உட்காரவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, தன் வாக்கியத்தைச் சொன்னார். அந்தப் பெரியவர் மறுபடி உட்காருவதா, எழுந்தது எழுந்ததுதானா என்று தெரியாமல் பாதி குனிந்து நின்றார். பஸ் முழுக்க எங்களைப் பார்த்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

இறங்கின பிறகு கேட்டேன். "எதுக்கு அண்ணாச்சி? அவரு பாட்டுக்கு எந்திச்சாரு. நீங்க பாட்டுக்கு உக்கார வேண்டியதுதானே?"

"எனக்கா எந்திச்சாரு?" என்றார்.

"பின்னே?"

"எனக்குன்னா உக்காந்துருப்பேன். அவரு எந்திச்சது வேற யாருக்கோ."

அவர் சொன்னதில் வந்த எரிச்சலோடு அன்றைக்கு முழுவதும் பாட்டில் அடுக்கினேன்.

அவர் மனைவியை நான் மைனி என்று கூப்பிடுவேன். மைனிக்கு அந்த உடுப்பு மேல் உயிர். சோற்றுக் கஞ்சியை வடித்து முறுக்காக அவளே கஞ்சி போடுவாள். கரிப் பெட்டி வைத்துத் தேய்ப்பாள். பித்தளைப் பொத்தான்களைப் புளி போட்டு விளக்குவாள். அவர் கிளம்பும்போது வாசல்வரை வந்து, நாலு பேர் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு உள்ளே போவாள். அவளைப் பொறுத்தவரை ஊரிலிருந்து வந்து இந்தச் சாக்கடை ஓரத்தில் குடியிருப்பதற்கு அந்த உடுப்பு ஒன்றுதான் பதில்.

சீனிக்குத் தட்டுப்பாடு வந்த சமயம் ரேஷன் கடையில் வரிசை தெரு முனைவரை நிற்கும். ஒரு சாயங்காலம் மைனியும் நானும் நின்றுகொண்டிருந்தோம். ட்யூட்டி முடிந்து அண்ணாச்சி நேராக அங்கே வந்தார். முன்னால் நின்றவர்கள் உடுப்பைப் பார்த்து, "ஜவானை விடுங்க, முன்னால விடுங்க" என்று அவரைத் தள்ளிக்கொண்டே போனார்கள். மைனி ஒரு வார்த்தை பேசாமல் பையை விரித்துப் பிடித்தபடி பின்னாலேயே போனாள். தராசுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்ததும் அண்ணாச்சிக்கு என்ன நடக்கிறது என்று புரிந்தது. திரும்பி நின்று வாக்கியத்தைச் சொன்னார். சிலர் சிரித்தார்கள். ஒருவன், "அப்புறம் எதுக்குய்யா இந்த வேஷம்?" என்று இந்தியில் கேட்டான். அண்ணாச்சி மைனியைக் கூட்டிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனார். நாங்கள் நின்ற பழைய இடத்துக்குக்கூடப் போகவில்லை, கடைசிக்கு. அவர் முறை வருமுன்னே சீனி தீர்ந்துவிட்டது.

அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டில் கருப்பட்டிக் காப்பிதான். மைனி எங்கள் வீட்டில் வந்து அம்மாவிடம் அழுதாள்.

"அக்கா, பொய்யா சொல்லச் சொன்னேன்? வாயைத் தொறக்காம நின்னா போதும்லா? அதுகூட முடியலயாம் இவுகளுக்கு!"

அம்மா அவளைச் சமாதானப்படுத்தினாள். ஆனால் எங்கள் வரிசையில் சிலர் வேறு மாதிரியும் பேசினார்கள். 'நான் பட்டாளம் இல்லை, பட்டாளம் இல்லை என்று சொல்லியே ஊர் பூராவும் தன்னைத் திரும்பிப் பார்க்க வைக்கிறான்' என்பார்கள். எனக்கும் அப்படித் தோன்றிய நாட்கள் உண்டு. குறிப்பாக அந்த வெள்ளைக் கோட்டு விஷயத்துக்குப் பிறகு.

பேக்கிங் செக்ஷனில் எங்களுக்குச் சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டு கொடுத்திருந்தார்கள். துவைப்பதற்காகச் சனிக்கிழமை வீட்டுக்கு எடுத்துப் போவோம். ஒரு சனிக்கிழமை நல்ல மழை. குளிருக்காகக் கோட்டைக் கழற்றாமலே பஸ் ஏறிவிட்டேன். பக்கத்து சீட்டில் ஒரு மராட்டிப் பெண், மடியில் குழந்தை. என்னைப் பார்த்ததும், "சிஸ்டர், சிஸ்டர், பாருங்களேன்" என்று குழந்தையின் கையை எடுத்து என் கையில் வைத்தாள். அனலாகக் கொதித்தது. நான் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். அவள் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, இதைக் கொடுக்கலாமா என்று கேட்டாள். அந்த மாதிரி நம்பிக்கையோடு ஒரு முகம் என்னைப் பார்த்துக் கேள்வி கேட்டது அதுவே முதல் தடவை. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது.

"சிஸ்டர் நஹி ஹை. பாட்டில் பர் லேபில் லகாத்தி."

சிஸ்டர் இல்லை, பாட்டிலில் லேபில் ஒட்டுகிறவள். அந்தப் பெண் குழந்தையின் கையை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். அண்ணாச்சி கண்டக்டரிடம் சொல்லி, சயான் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அவளை இறக்கிவிடச் செய்தார். நான் இறங்கி, குடையை விரிக்காமல் வேகமாக முன்னால் நடந்தேன். அவர் பூட்ஸ் சத்தம் பின்னாலேயே வந்தது.

"நான் நர்சுன்னு சொன்னேனா அண்ணாச்சி?"

"சொல்லலை பிள்ள. இல்லைன்னும் சொல்லலை."

"சொல்லதுக்கு நீங்க எங்க விட்டீய?"

ஒரு வாரம் நான் வேறு பஸ்ஸில் போனேன். அம்மாதான் இரண்டு பேரையும் சமாதானப்படுத்தினாள். நர்ஸ் இல்லை என்பதைச் சொல்லியிருக்கலாம். பாட்டிலையும் லேபிலையும் சொல்லியிருக்க வேண்டாம் என்பது இன்றைக்கும் என் கட்சி.

அதற்குப் பிறகு பாகிஸ்தானோடு சண்டை வந்தது. ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டினோம். இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்று ஜனங்கள் ஓடுவார்கள். பாராசூட்டில் ஆள் இறங்குகிறான், ஃபாக்டரிகளுக்கு அடையாளம் காட்ட டார்ச் அடிக்கிறான் என்று தினம் ஒரு பேச்சு. எங்கள் கம்பெனி இருந்த ரோட்டில் வரிசையாக ஃபாக்டரிகள். அந்தப் பேச்சு அங்கே வேறு இடங்களைவிடச் சூடாகவே இருந்தது.

ஒரு சாயங்காலம் ஷிப்ட் முடிந்து நானும் அண்ணாச்சியும் வெளியே வந்தோம். ரோடு திரும்புகிற இடத்தில் எங்கள் பஸ் ஸ்டாப். அங்கே பான் கடைக்கு முன்னால் பெரிய கூட்டம். நடுவில் ஒரு ஆள். ஐம்பது வயதிருக்கும். நரைத்த தாடி, முழங்கால்வரை தொங்கும் நீளச் சட்டை, தொளதொளவென்று அகலமான பைஜாமா, பழைய பட்டாளத்துப் பூட்ஸ். வட்டத் தொப்பி ஒன்று கீழே மிதிபட்டுக் கிடந்தது. புருவத்திலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அவருடைய மூட்டையை அவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள். டார்ச் பல்புகள். அதோடு பச்சை நிறத்தில் வழுவழுவென்று ஒரு துணி, ஓரத்தில் கயிறுகளோடு. "பாராசூட்! பாராசூட்!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த மனிதர், "உல்லாஸ்நகர், உல்லாஸ்நகர்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. பிரிவினையில் வந்த சிந்திக்காரர்கள் உல்லாஸ்நகரில் இருந்தார்கள். பட்டாளம் கழித்துப் போட்ட சாமான்களை ஏலத்தில் எடுத்து, தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்பார்கள். பாராசூட் துணியில் மழைக்கோட்டு தைப்பது அப்போது சாதாரணம். எங்கள் செக்ஷனிலேயே நாலைந்து பெண்கள் அதைப் போட்டுக்கொண்டு வருவார்கள். "வியாபாரி! துணி விக்கிறவர்!" என்று நான் கத்தினேன். அந்தச் சத்தத்தில் ஒரு பெண்பிள்ளையின் குரலை யார் கேட்பார்கள்? அவருடைய தாடியும் பைஜாமாவும்தான் அவர்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டதே. நீலச் சட்டை போட்ட ஒருவன் கையில் லாரி டயர் கழற்றுகிற இரும்புக் கம்பி இருந்தது.

அப்போது யாரோ அண்ணாச்சியைப் பார்த்தார்கள். "மிலிட்டரி! மிலிட்டரி ஆ கயா!"

கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. சத்தம் அடங்கியது. நீலச் சட்டைக்காரன் கம்பியைத் தாழ்த்தி, "சாப், எதிரி ஆள். பிடித்து வைத்திருக்கிறோம்" என்றான். எல்லோரும் அண்ணாச்சியின் வாயைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அந்த வாக்கியத்தை இப்போது சொன்னால் திறந்த வழி அப்படியே மூடிக்கொள்ளும். அவர் உதடு அசைந்தது. சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன்.

"ஹட்டோ!" என்றார், ஒதுங்குங்கள் என்று.

அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதில்லை. நேராக நடந்து போய், அந்த மனிதரின் சட்டைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். பிறகு வலது கையை ஓங்கி அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டார். கூட்டம் ஆர்ப்பரித்தது. எவனோ கைகூடத் தட்டினான். அண்ணாச்சி விசிலை எடுத்து நீளமாக ஊதி, "ஹம் லே ஜாயேகா", நான் கொண்டுபோகிறேன் என்று சொல்லி, கழுத்தைப் பிடித்த பிடியை விடாமல் அவரைக் கம்பெனி கேட்டுக்கு நடத்திக்கொண்டு போனார். நான் மூட்டையில் அள்ள முடிந்ததை அள்ளிக்கொண்டு பின்னால் ஓடினேன். பல்புகள் பெரும்பாலும் உடைந்து போயிருந்தன.

கேட்டைச் சாத்திப் பூட்டின பிறகும் கூட்டம் வெளியே கோஷம் போட்டுக்கொண்டிருந்தது. இருட்டிக்கொண்டு வந்ததால் கொஞ்ச நேரத்தில் தானாகக் கலைந்தது. வாட்ச்மேன் அறையில் அந்த மனிதரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தோம். நான் செக்ஷனிலிருந்து பஞ்சு எடுத்துவந்து புருவத்தைத் துடைத்தேன். அண்ணாச்சி அவர் பக்கத்தில் வரவில்லை. வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். போலீசுக்குப் போன் பண்ணினோம். வந்தார்கள், விசாரித்தார்கள், உல்லாஸ்நகர்க்காரர்தான், துணி வியாபாரிதான் என்று தெரிந்துகொண்டு பத்திரமாக ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். போகும்போது அதிகாரி அண்ணாச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஹம் ஃபௌஜி நஹி ஹை" என்றார் அண்ணாச்சி. அங்கே அதைச் சொல்லாமல் விட்டதையும், அறைந்ததையும் ஒன்று விடாமல் தன் இந்தியில் ஒப்பித்தார். அதிகாரி சிரித்துக்கொண்டே, "ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறாய், போய்யா" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மறுநாள் மேனேஜர் எல்லோர் முன்னாலும் அண்ணாச்சியைக் கூப்பிட்டுப் பாராட்டினார். மூன்று வாட்ச்மேன்களுக்கும் அவரைத் தலைவராக்கப் போவதாகவும், கையில் பட்டை தைத்துக் கொடுக்கப் போவதாகவும் சொன்னார். அண்ணாச்சி விறைப்பாக நின்று கேட்டுவிட்டு, தன்னைக் குடோனுக்கு மாற்றும்படி கேட்டார். குடோன் ஆட்களுக்கு உடுப்பு கிடையாது. சொந்தத் துணியில் பெட்டி தூக்க வேண்டும். சம்பளமும் குறைவு. இன்னும் பெரிய வேலைக்கு அடி போடுகிறான் என்றுதான் மேனேஜர் முதலில் நினைத்தார். இல்லை என்று புரிந்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உன் இஷ்டம்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் மைனி போட்ட சத்தம் வரிசை முழுக்கக் கேட்டது. கடைசியில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "நீ கூட இருந்தல்லா? நீயே கேளு. எனக்குச் சொன்னா விளங்கல."

அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து, திருப்பிக் கொடுப்பதற்காகப் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். உடுப்பு மடித்துப் பக்கத்தில் இருந்தது.

"எதுக்கு அண்ணாச்சி இப்படிப் பண்ணுதீய? நல்லதுதானே செஞ்சிருக்கீய?" என்றேன்.

"வழி விட்டாச்சு பிள்ள. நீ பாத்தல்லா? எல்லாவனும் ஒதுங்கியாச்சு. அவரைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துருக்கலாம்."

"கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தா விட்டுருப்பானுவளா? நீங்க அடிச்சதுனாலதான் நம்புனானுவ."

"அப்படி யோசிச்சு அடிச்சிருந்தா சரி. நான் யோசிக்கவே இல்லயே." பூட்ஸைக் கீழே வைத்தார். "அத்தன பேரும் என்னையப் பாத்தானுவ. சாப், சாப்னானுவ. நல்லா இருந்துச்சு பிள்ள. கை தானா போச்சு."

மைனி விடவில்லை.

"கை உங்க கைதானே? உடுப்பா அடிச்சுது? இதக் களத்திப் போட்டுட்டா கை வேற கையா ஆயிருமா?"

"தெரியல. களத்திப் பாத்தாத்தான் தெரியும்."

"இத்தன வருசமா நான் பட்டாளம் இல்ல, பட்டாளம் இல்லன்னு சொல்லிட்டுத் திரிஞ்சது என்னத்துக்கு? அதோட நிறுத்தியிருக்கப்பிடாதா?"

"நல்லா இருந்ததுனாலதான் சொல்லிட்டுத் திரிஞ்சேன்" என்றார் அண்ணாச்சி. "பஸ்ஸுல ஒருத்தன் எந்திச்சு எடம் குடுக்கும்போதெல்லாம் உக்காரணும்னுதான் இருக்கும். ஒரு தடவகூட உக்காரக் கூடாதுன்னு தோணுனதே இல்ல."

மைனி அவரை ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு அந்த உடுப்பை எடுத்து, கசங்காமல் ஒரு துண்டில் சுற்றி வைத்தாள்.

அவர் குடோனுக்குப் போய்ப் பல வருஷம் பெட்டி தூக்கினார். சாயங்காலம் அவரோடு பஸ்ஸில் வருவது சுலபமாகிவிட்டது. தூசி படிந்த சட்டையில் ஒரு தமிழன், அவ்வளவுதான். யாரும் அவரைப் பார்க்கவில்லை, அவரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சொல்லப்போனால் வழியில் ஊர்க்கதையெல்லாம் பேச ஆரம்பித்தார். பின்னால் எனக்குக் கல்யாணமாகி நான் காட்கோபர் போய்விட்டேன். அவர்களும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். ஆனால் அவரை நினைத்தால் எனக்குக் கண்ணில் நிற்பது, சண்டை ஓய்ந்து சில வாரங்கள் கழித்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.

சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தேன். எங்கள் வரிசையில் பேண்டும் சட்டையும் போட்டு, முகத்தை மழமழவென்று சிரைத்த ஒருவர் கையில் ஒரு பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தார். பேண்ட் புதுசு. அதில் அவர் சௌகரியமாக இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. மருந்துக் கம்பெனி ஃபௌஜி சாப் வீடு எது என்று, வாசலில் லுங்கியோடு உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சியிடமே கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சியும் ஆள் யாரென்று தெரியாமல் விழித்தார். எனக்குத்தான் புருவத் தழும்பைப் பார்த்ததும் பிடிபட்டது.

"அண்ணாச்சி, உல்லாஸ்நகர்க்காரரு" என்றேன். அவரிடம் இந்தியில், "இவர்தான்" என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பாமல் பார்த்துக்கொண்டார்கள். தாடியும் பைஜாமாவும் என்னாயிற்று என்று நான் கேட்டேன். "வெளியே வரும்போது இப்போது இதுதான்" என்று பேண்டை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார். "வீட்டில் என் மனைவிக்கே என்னைப் பார்த்தால் சிரிப்பு." அவர் சிரிக்கவில்லை.

உள்ளே கூட்டிப்போய் மைனி பாய் போட்டாள், காப்பி கொடுத்தாள். பொட்டலத்தில் ஒரு சட்டைத் துணி இருந்தது. வேண்டாம் என்று அண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள் மைனி அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டாள். வந்தவர் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார். ஃபௌஜி சாப், ஃபௌஜி சாப் என்றார். அண்ணாச்சி அதைத் திருத்தவில்லை. அவர் மனதில் வேறொன்று இருந்தது. உட்காராமல் சுவரோரமாக நின்றபடி என்னிடம், "பிள்ள, நீ தெளிவா இந்தியில சொல்லு. நான் சொன்னா வெளங்காது. அந்த அடிக்கு நான் வருத்தப்படுதேன்னு சொல்லு" என்றார்.

சொன்னேன். வந்தவர் புரியாமல் என்னைப் பார்த்தார். "எந்த அடி?"

"கூட்டத்திலிருந்து உங்களை எழுப்பினபோது இவர் அறைந்தாரே, இடது கன்னத்தில்."

அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "அதுவா? அது அந்தக் கம்பி வைத்திருந்தவன் என்றல்லவா நினைத்தேன். எத்தனையோ கைகள், பெஹன். எது யாருடையது என்று எனக்கென்ன தெரியும்? விடுங்கள்" என்றார்.

"என்ன சொல்லுதாரு?" என்றார் அண்ணாச்சி.

"அது வேற எவனோ அடிச்சதுன்னு நெனச்சாராம் அண்ணாச்சி. விட்டுருங்கன்னு சொல்லுதாரு." அதோடு முடிந்தால் நல்லது என்று இருந்தது எனக்கு.

"இல்லைன்னு சொல்லு. அவன் இல்ல, நான்தான். சரியாச் சொல்லு."

மைனி கதவோரத்தில் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினாள், விடு என்று. நான் மறுபடியும் சொன்னேன். அவன் இல்லை, இவர்தான், இதைத் தெளிவாகச் சொல்லச் சொல்கிறார் என்றேன்.

வந்தவர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். அதுவரை நன்றி சொல்லிச் சொல்லி மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது அண்ணாச்சியின் முகத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு அவர் கையைப் பார்த்தார்.

"டீக் ஹை" என்றார். "அந்த ஒன்று உங்களுடையது."

நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அண்ணாச்சி தலையை ஆட்டினார். பிறகு மெல்லக் குனிந்து, பாயின் ஒரு ஓரத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.